பித்தளைக் கூட்டில் படிந்த கரி

ஒஹையோ மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், ஈரி ஏரிக்கு அருகே ஒரு சிற்றூர். நான் போயிருந்த வீட்டில் கார் வெளியே நிற்கிறது. கார் நிற்க வேண்டிய ஷெட்டைத் தோட்டா மேசை பிடித்துக்கொண்டுவிட்டது. மேசை விளிம்பில் இரும்புப் போல்ட்டால் முடுக்கிய பச்சை நிற அழுத்துப்பொறி, அதன் மேல் கைப்பிடி, பக்கத்தில் தராசு. மருந்து டப்பாக்கள் மட்டும் மேசையில் இல்லை. எதிர்ச்சுவரில் ஒரு மர அலமாரிக்குள் இருந்தன. "வேலை செய்யும் மேசையில் ஒரு நேரத்துக்கு ஒரு டப்பாதான் இருக்கணும். இரண்டாவது வந்தால் என்றைக்காவது ஒருநாள் கை மாறிப்போகும்" என்றார் வீட்டுக்காரர். கருவிப்பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியும் கை நடுங்கவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் பக்கத்திலேயே இருக்கும் கேம்ப் பெரி மைதானத்துக்குப் போய்விடுவார். 1907 முதல் அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடந்துவரும் இடம் அது.

நான் கேட்டுக்கொண்டு வந்த கேள்வி எளியது. கைத்துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா கட்டுகிறவர்கள், சுத்தமாக எரிய வேண்டும், குறியும் தப்பக்கூடாது என்றால் எந்த மருந்தை வாங்குகிறார்கள்? அவர் பதில் சொல்லவில்லை. சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளைக் கைநிறைய அள்ளி ஒரு தட்டில் கொட்டினார். சில பளிச்சென்று இருந்தன. சிலவற்றின் ஒரு பக்கம் வாயிலிருந்து அடிவரை கறுப்பாக வழிந்திருந்தது. "எல்லாம் ஒரே டப்பா மருந்து" என்றார்.

அந்தக் கறுப்புக்கு வருகிறேன். அதற்கு முன், இப்படி வீட்டில் உட்கார்ந்து தோட்டா கட்டுவது நமக்குப் பழக்கமில்லாத காட்சி என்பதால் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதைத் தொடவே முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சொந்த உபயோகத்துக்குக் கட்டிக்கொள்ள உரிமம் வேண்டியதில்லை; விற்பதற்காகத் தயாரித்தால்தான் வேண்டும். போட்டிக்காரர்கள் இதைச் செய்வதற்குப் பணம் ஒரு காரணம். ஒரு தோட்டாவில் பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, குண்டு என்று நான்கு பாகம். அதில் விலை கூடிய கூடு சுட்ட பிறகும் கையில் மிஞ்சுகிறது. திரும்பத் திரும்ப நிரப்பலாம். இன்னொரு காரணம் பெரியது. கடைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. இவர்களுக்கு வேண்டியது தன் துப்பாக்கி ஒன்றுக்கு மட்டும் ஒத்துப்போகிற, உதை குறைந்த, ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கிற தோட்டா.

மருந்து என்று சொன்னாலும் இது திருவிழா வேட்டுக்குப் போகும் கரிமருந்து அல்ல. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த அந்தப் பழைய கலவை எரிந்தால் பாதிக்கு மேல் திடமான கசடாகவே மிஞ்சும். 1884-ல் பிரான்சின் பால் வியேய் நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டு புகையில்லா மருந்தைச் செய்தார். சில ஆண்டுகளில் ஆல்ஃபிரட் நோபல் அதோடு நைட்ரோகிளிசரினைச் சேர்த்தார். இன்று அலமாரியில் இருக்கும் எல்லா டப்பாவும் இந்த இரண்டு வம்சத்தில் ஒன்று: நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் உள்ளது, அல்லது இரண்டும் உள்ளது. நீலகிரி ரயிலில் போகிறவர்கள் அருவங்காட்டில் பார்க்கும் கார்டைட் தொழிற்சாலை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் நிறுவியது, இந்த இரண்டாம் வம்சத்துக்காகத்தான். கார்டைட்டிலும் இதே இரண்டு சரக்கு, கூட வாசலின்.

அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி. அதன் மேல் வெள்ளைத்தாள் விரித்து ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு சிட்டிகை கொட்டிக் காட்டினார். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். ரெட் டாட் வட்டமான சாம்பல் நிறச் செதில்கள். இடையிடையே அடையாளத்துக்காகச் சிவப்புச் சாயம் ஏற்றிய செதில்கள் மின்னுகின்றன. யுனீக்கும் செதில்தான், சாயம் இல்லை. டைட்குரூப் நசுக்கிய கடுகளவு மணிகள். தாளைச் சாய்த்தால் சரசரவென்று ஓடிவிடுகிறது. ஃபின்லாந்திலிருந்து வரும் விஹ்தாவூரி என்320 துண்டுதுண்டாக வெட்டிய மிகச் சிறிய குச்சிகள். டிரெயில் பாஸ்தான் வேடிக்கை. ஒவ்வொரு துகளும் நடுவில் ஓட்டையுள்ள வளையம். எடை குறைவாக, இடத்தை அதிகமாக அடைத்துக்கொள்ளும்படி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். முகர்ந்து பார்க்கச் சொன்னார். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் லேசான வாடை. அந்த வாடை போய்ப் புளித்த அமில நெடியும், டப்பாவுக்குள் செங்கல் பொடி போன்ற தூளும் வந்துவிட்டால் மருந்து கெட்டுவிட்டது என்று அர்த்தமாம்.

காட்டி முடித்த சிட்டிகைகளை அவர் டப்பாவில் திரும்பப் போடவில்லை. தாளோடு எடுத்துப்போய்ப் புல்வெளியில் மெல்லியதாகத் தூவிவிட்டார். கலப்பட ஐயம் வந்த மருந்துக்கு அதுதான் கதி. நைட்ரஜன் இருப்பதால் புல்லுக்கு உரம்.

இப்போது அந்தக் கறுப்பு. பித்தளை மெல்லியது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது கூடு உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னால் வர வழியில்லை. அழுத்தம் போதவில்லை என்றால் ஒட்டுவது சரியாக நடக்காது. மயிரிழை இடைவெளியில் கரியோடு வாயு பின்னோக்கி வழிந்து, கூட்டின் பக்கவாட்டில் தன் தடத்தைப் போட்டுவிடும். அதே நேரத்தில், எரியவேண்டிய அளவு அழுத்தம் கிடைக்காத மருந்தும் அரைகுறையாக நின்றுவிடும். ஆக, கரி என்பது பெரும்பாலும் மருந்தின் குணம் பற்றிய புகார் அல்ல. அந்த மருந்துக்கு வேண்டிய அழுத்தத்தை நாம் தரவில்லை என்பதற்கான சாட்சி. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், "இது அழுக்கு மருந்து, அது சுத்த மருந்து" என்று கடை வாசலில் நடக்கும் சண்டையில் பாதி அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் தரவிதிப்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. .45 ஏ.சி.பி.க்கு 21,000. 9 மி.மீ. லூகருக்கு 35,000. ஆகவே 9 மி.மீ.யில் பளபளவென்று எரிகிற நிதானமான மருந்து .38-ல் புகைந்து வழிகிறது. குறைந்த அழுத்தத் தோட்டாவுக்குச் சீக்கிரம் பற்றி எரியும் மருந்துதான் சுத்தமாக எரியும். எரியும் வேகத்தை வரிசைப்படுத்திய அட்டவணைகளை மருந்துக் கம்பெனிகளே வெளியிடுகின்றன. ஆனால் அவை வரிசை மட்டும்தான், அளவுகோல் அல்ல. அட்டவணையில் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடலாம் என்று நினைத்தவர்களின் துப்பாக்கிகள் உடைந்திருக்கின்றன.

.38 ஸ்பெஷலுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. அது 1890-களின் கடைசியில், கரிமருந்துக் காலத்தில் பிறந்தது. அந்தப் பருமனான மருந்துக்காகச் செய்த நீளமான கூட்டில் இன்று போடுவதோ துளியூண்டு. மீதி வெறும் காற்று. துப்பாக்கியை எப்படிச் சாய்த்து எடுத்தீர்களோ அதைப் பொறுத்து மருந்து பிரைமர் பக்கம் கிடக்கலாம், குண்டுப் பக்கம் கிடக்கலாம். இடம் மாறினால் பற்றும் விதமும் மாறும். குறிபார்ப்பவர்கள் இந்தக் கூட்டில் போடும் தட்டை மூக்கு ஈயக்குண்டைக் கூட்டின் வாய்க்குச் சமமாக உள்ளே அமுக்கிவிடுவார்கள். தாளில் ஓட்டை துளைப்பான் குத்தியதுபோல் சுத்தமாக விழும் என்பது அதன் முதல் நன்மை. உள்ளே இருக்கும் வெற்றிடம் குறைவது இரண்டாவது.

அளவு பார்ப்பதற்கு இவர்கள் இன்னும் கிரெய்ன் கணக்கில்தான் இருக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் நிற்கும். அவர் தராசு காட்டுவதோ கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு. கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு ஒருசில கிரெய்ன்தான் என்பதால், ஒரு பவுண்டு டப்பா ஆயிரத்துக்கு மேல் தோட்டாவுக்கு வரும். மருந்தின் விலையில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண் என்பது இதிலிருந்தே தெரியும்.

ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் போடுவதில்லை. பொறியின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குடுவை. கீழே சுழலும் உருளையில் ஒரு குழி. கைப்பிடியைத் திருப்பினால் குழி அளவு மருந்து கூட்டில் விழும். இங்கேதான் மருந்தின் உருவம் விளையாடுகிறது. அவர் யுனீக்கை ஊற்றித் திருப்பியபோது உருளை நறநறவென்றது. பெரிய செதில்கள் விளிம்பில் மாட்டி வெட்டுப்படும் சத்தம். பத்துக்கூட்டை நிறுத்துப் பார்த்தார்; எடை முன்னும் பின்னும் ஆடியது. குடுவையைக் காலி செய்து டைட்குரூப்பைப் போட்டார். சத்தமே இல்லை, தராசும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைச் சொன்னது. குடுவையின் உள்சுவர் மஞ்சளாக மங்கிக் கிடந்ததைக் கவனித்துக் கேட்டேன். இரவெல்லாம் மருந்தைக் குடுவையிலேயே விட்டுவிட்ட நாட்களின் தழும்பு. நைட்ரோகிளிசரின் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் அந்தந்த டப்பாவுக்கே திருப்பி ஊற்றிவிடுகிறாராம்.

அப்படியானால் டைட்குரூப்தானே வாங்க வேண்டும்? அளவு துல்லியம், வேகமாகப் பற்றுகிறது, பெரிய கூட்டில் எங்கே கிடந்தாலும் அவ்வளவாக மாறுவதில்லை என்றும் பெயர். அவர் ஒரு காலிக் கூட்டை எடுத்து, ஒரு அளவு போட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். அடியில் எங்கோ கொஞ்சம் தெரிந்தது. இன்னொரு அளவு போட்டார். இன்னும் பாதிக்குக் கீழேதான். இரட்டிப்பு மருந்து விழுந்த கூடு பார்வைக்கு நல்ல கூடு போலவே இருக்கிறது. அதைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே பிளக்கக்கூடும். அதே கூட்டில் யுனீக் போன்ற பருமனான செதில் மருந்து மேலேறி நிற்கும். இரண்டு முறை விழுந்தால் கண்ணில் படாமல் போவது கடினம். டிரெயில் பாஸின் வளையங்களுக்குப் பின்னால் இருக்கும் யோசனையும் இதுதான்.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் பட்டது. சுத்தமா, துல்லியமா என்று கேட்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, தவறு நடந்தால் இந்த மருந்து கண்ணுக்குக் காட்டிக்கொடுக்குமா என்பதைத்தான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த ஒரு குணத்துக்காகவே நறநறவென்று வெட்டுப்படும் யுனீக்கைப் பரிந்துரைக்கலாம். எதிர்த்திசை ஆபத்தும் ஒன்று உண்டு. எச்110 போன்ற மெதுவான மருந்து, அழுத்தம் மிகுந்த மேக்னம் தோட்டாக்களுக்கானது. சாதுவான தோட்டா வேண்டுமென்று அதைக் குறைத்துப் போட்டால், பற்றாமல் போய்க் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். அது தெரியாமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். அதனால்தான் இவர் மேசையில் கம்பெனிக் கையேடு எப்போதும் விரிந்தே கிடக்கிறது. அதில் தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டும் இருக்கும். தொடக்கத்தில் ஆரம்பித்து மெல்ல ஏறுவார். உச்சத்தை ஒருபோதும் தாண்டுவதில்லை. மனக்கணக்கு என்பதே கிடையாது.

மதியம் ஊர்ச் சங்கத்தின் சுடுதளம். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. அவர் கையால் சுடவில்லை. ரான்சம் ரெஸ்ட் என்ற இரும்புத் தாங்கியில் ரிவால்வரை இறுக்கிக் கட்டினார். சுடுபவரின் மூச்சும் கை நடுக்கமும் கணக்கில் சேராமல் தோட்டாவை மட்டும் சோதிக்கும் ஏற்பாடு. குழலுக்கு முன்னால் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி.

ஒரே செதில் மருந்தில் மூன்று அளவுகள், மூன்றும் கையேட்டின் எல்லைக்குள். கீழ் அளவில் வந்த கூடுகள் கறுப்பாக இருந்தன. நடு அளவில் கரி வாயோடு நின்றது. மேல் அளவில் ஏறக்குறைய சுத்தம். அதே டப்பா, அதே துப்பாக்கி, அதே பிற்பகல். தாளில் பார்த்தால் ஐந்து ஓட்டைகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு விழுந்தது நடு அளவில். சுத்தமாக எரிந்த மேல் அளவில் கூட்டம் சற்றே விரிந்திருந்தது. இது எல்லாத் துப்பாக்கிக்கும் விதி என்று சொல்லமாட்டேன். ஆனால் சுத்தமும் துல்லியமும் ஒரே வண்டியில் வருவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு தாங்கியை விட்டுவிட்டுக் கையில் எடுத்தார். குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, மெதுவாக இறக்கிச் சுட்டார். மருந்து பிரைமர் பக்கம் சரிந்திருக்கும். அடுத்த முறை தரையைப் பார்க்கச் சாய்த்து, மெதுவாக ஏற்றிச் சுட்டார். வேகம் காட்டும் எண் கண்கூடாக இறங்கியது. நான் உடனே, அப்படியானால் குறி தவறுமே என்றேன். அவர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். 50 கஜ தூரம். குண்டு நொடிக்கு 750 அடி போனால் பயணம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் புவியீர்ப்பு அதை எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இழுக்கும். வேகத்தில் 20 அடி வித்தியாசம் வந்தால் அந்த இறக்கம் மாறுவது அரை அங்குலத்துக்கும் கீழே. 50 கஜ இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 3.36 அங்குலம். 25 கஜத்தில் பிழை இன்னும் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். வேக அளவீட்டுக் கருவியைப் பார்த்தே மருந்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. குண்டின் அடிப்பாகம் நசுங்காமல் இருப்பது, குழலின் துளைக்கு அது சரியாகப் பொருந்துவது, கூட்டின் வாயை எவ்வளவு இறுக்கினோம் என்பது எல்லாம் இதைவிடப் பெரிய வித்தியாசம் தரும்.

நடுவில் ஒரு தடங்கல். ரிவால்வரின் உருளை திடீரென்று சுற்ற மறுத்தது. அவர் சலித்துக்கொள்ளாமல் உருளையைத் திறந்து, கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டைத் தூக்கி, அதன் அடியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டினார். மருந்தின் எரியாத ஒரு செதில் வெளியே விழுந்தது. எள்ளைவிடச் சிறியது. போட்டியில் ஐந்து குண்டுக்குப் பத்து நொடி தரும் சுற்று உண்டு. அதன் நடுவில் இப்படி நின்றால் மதிப்பெண் போச்சு. சுத்தம் என்பதற்கு உண்மையில் அர்த்தம் இருப்பது இங்கேதான். கரி துடைத்தால் போகும். எரியாத துகள் துப்பாக்கியை நிறுத்தும். புகையைப் பற்றியும் சொன்னார்: ஈயக்குண்டின் பள்ளங்களில் பூசும் மெழுகு எரிவதுதான் பெரும்பகுதி, பழி மட்டும் மருந்துக்கு.

வீட்டுக்குத் திரும்பியதும் கேட்டேன், கடைசியில் எதைத்தான் போடுகிறீர்கள்? அவர் எடுத்துக் காட்டியது புல்ஸ்ஐ. 1890-களின் கடைசியில் லாஃப்லின் அண்ட் ராண்ட் என்ற கம்பெனி கொண்டுவந்தது. டூபாண்ட் கைக்குப் போய், 1912 தீர்ப்பில் டூபாண்ட் உடைக்கப்பட்டபோது ஹெர்குலிஸுக்கு வந்து, இன்று அலையன்ட் பெயரில் விற்கிறது. அட்டவணையில் மிக வேகமானவற்றின் வரிசையில் இருக்கிறது. அழுக்கு மருந்து என்று பெயரும் வாங்கியிருக்கிறது. இரட்டிப்பாக விழுந்தால் காட்டிக்கொடுக்காத வகையும் இதுதான். அதற்காக அவர் ஐம்பது கூடுகளை மரச்சட்டத்தில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடிக்கிறார். ஐம்பதும் ஒரே உயரத்தில் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். என்320 இதைவிடச் சுத்தம் என்பதை மறுக்கவில்லை. நைட்ரோகிளிசரின் சேராத வம்சம் அது. ஆனால் விலை கூடுதல். 2020-க்குப் பிறகு பல மருந்துகள் நினைத்தபோது கடையில் கிடைக்காமலும் போயின. அதனால் ஒத்துவந்த மருந்தை எட்டுப் பவுண்டு டப்பாவாக வாங்கி வைத்துக்கொள்கிறார். வீட்டில் சாதாரணமாக வைத்திருக்கத் தீயணைப்பு விதிகள் அனுமதிக்கும் 20 பவுண்டு வரம்பைத் தாண்டுவதில்லை. மர அலமாரி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: தீப்பிடித்தால் இரும்புப் பெட்டி அழுத்தத்தை அடைத்து வைக்கும், பலகை விட்டுக்கொடுத்துவிடும்.

ஈயத்துக்காகக் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு, இரண்டு துப்பாக்கிகளைத் துடைக்க உட்கார்ந்தோம். டைட்குரூப் சுட்டது அவரிடம், புல்ஸ்ஐ சுட்டது என்னிடம். கரைப்பானில் நனைத்த துணித்துண்டைக் கம்பியில் மாட்டிக் குழலுக்குள் தள்ளித் தள்ளி எடுத்தேன். அவர் முடித்தபோது நானும் ஏறக்குறைய முடித்திருந்தேன். அழுக்கு மருந்துக்கு எனக்கு அதிகப்படியாக ஆன செலவு இரண்டு துணித்துண்டு.